வாசலில் நின்று கேட்க ஓர் ஆள்

1996 ஆகஸ்ட் 28. தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். ஒவ்வொரு ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். நவம்பர் 30-க்குள் கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாவிட்டால் பூட்டு.

அப்பா பேரணாம்பட்டில் ஒரு சின்னத் தோல் ஷாப்பில் தொட்டி வேலை பார்த்தார். "டெல்லியில உக்காந்திருக்கிற பெரிய மனுஷங்களுக்கு நம்ம வயிறு தெரியுமா?" என்று பஸ் ஸ்டாண்டு மேடையில் ஒருவர் கேட்டபோது நானும் கைதட்டினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அம்மா இரண்டு தெரு தாண்டிக் குடம் சுமந்தாள். அந்தத் தீர்ப்பு அவள் குடத்துக்காகவும்தான் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறி நம் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது நம் பாலாற்றின் வழக்கில்.

இன்று ஆம்பூரில் பெல்ட், பர்ஸ் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம் என் பெல்ட் முதல் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. என் இடத்தில் அந்த விற்பனைத் தளத்தின் சொந்தப் பெயரில் ஒரு பெல்ட், என் அடக்க விலைக்கும் கீழே. வாங்கியவர் இடுப்புக்கு ஓட்டை போட்டுக் கட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியதற்கும் கூரியர் செலவு என் கணக்கில். எழுதிக் கேட்டால் ஒரே பதில், நாலு முறையும், ஒரு எழுத்து மாறாமல்.

அப்பாவுக்குக் கூலி விட்டுப்போனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்பார். "பாய், ரெண்டு நாள் கூலி வரலையே." சில வாரம் காசு கிடைக்கும், சில வாரம் திட்டு கிடைக்கும். ஆனால் வாசல் இருந்தது, பதில் சொல்ல ஆள் இருந்தார்.

அந்நிய முதலீடுள்ள தளங்கள் எல்லா விற்பனையாளரையும் பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்று 2018 டிசம்பரிலேயே மத்திய அரசு எழுதிவைத்தது. 2020-இல் வந்த மின்வணிக விதிகள் வாங்குபவருக்குக் குறைதீர் அதிகாரியைக் கொடுத்தன: புகார் கிடைத்ததென்று 48 மணி நேரத்தில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தைத்துக் கொடுப்பவனுக்கும் அதே அதிகாரி, அதே கெடு வேண்டும். பணம் பிடித்தால் காரணம் தமிழில் வர வேண்டும், அடியில் ஒரு மனிதரின் பெயரோடு.

இனி யாராவது மேடையேறிப் பெரிய மனிதர்களைத் திட்டினால் கைதட்டுவதற்கு முன், இந்த விதியைக் கொண்டுவருவாரா என்று கேளுங்கள்.