கீசர் சித்தாந்தம்: பரபக்கமும் சுபக்கமும்

பாயிரம்

உலகம் நித்தியமா அநித்தியமா என்று நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் வாதாடினார்கள். தீர்ப்பு வராத அந்த வழக்கு இப்போது பெங்களூரு விவேக் நகருக்கு மாற்றலாகி, குளியலறைக்கு வெளியே உள்ள 16 ஆம்பியர் சுவிட்சின் முன்னால் தினமும் காலையில் நடக்கிறது. கீசரை நாள் முழுக்கப் போட்டே வைப்பதா, வேண்டும்போது மட்டும் போடுவதா? எதில் கரன்ட் மிச்சம்?

குளிர்நாட்டார் இதே கேள்வியை வீட்டைச் சூடாக்கும் எந்திரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தூங்கும்போதோ வேலைக்குப் போகும்போதோ தினமும் எட்டு மணி நேரம் வெப்பத்தை 7 முதல் 10 பாரன்ஹீட் பாகை குறைத்து வைத்தால், ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிஞ்சும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் வாக்கு. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருந்தும் பெங்களூரில் வீட்டைச் சூடாக்கும் வழக்கம் இல்லை. அதற்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போதும். இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ். நாள் 1884 ஜனவரி 13. அன்று யார் யார் குளித்தார்கள் என்பதை ஆராய்வது நாகரிகமாகாது என்று விட்டுவிடுகிறோம்.

பாயிர இலக்கணப்படி எல்லையும் கேட்போரும் சொல்ல வேண்டும். எல்லை: ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா ஆகியவற்றுக்கு இடைப்பட்ட நிலம். கேட்போர்: தமக்கு முன் குளித்தவர் வெந்நீரைத் தீர்த்துவிட்டுப் போனதால் ஒருமுறையேனும் பச்சைத் தண்ணீரில் நின்றவர்கள். பயன்: மாதம் இருபது யூனிட். வீடுபேறு இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆய்வுக் களம்

கீசர் என்பது காவிரி தன்னைத் தானே சந்திக்கும் இடம். சிவனசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்கும், 1905இல் பெங்களூரின் தெருவிளக்குகளுக்கும் வந்தது. அதே காவிரி பின்னாளில் தண்ணீராகவும் வந்தது. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், மூன்று கட்டமாக அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றி அதைக் கொண்டுவருகிறார்கள். இன்று மின்சாரத்தில் ராய்ச்சூர் நிலக்கரியும் பாவகடா வெயிலும் கலந்திருந்தாலும், உறவு முறை மாறவில்லை.

இங்கே ஒரு கணக்கு. 25 லிட்டர் தண்ணீரை அரை கிலோமீட்டர் உயரம் தூக்க, பம்பின் இழப்பைச் சேர்க்காவிட்டால், ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்கு போதும். அதே 25 லிட்டரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க 1.16 யூனிட் வேண்டும். காவிரியை மலையேற்றுவது எளிது. நம்மைக் குளிக்க வைப்பதுதான் அரும்பாடு.

வியாழக்கிழமை இக்களத்தில் சிறப்பு நாள். குழந்தை இயேசு திருத்தலத்தின் நவநாளுக்கு நகரெங்கிலுமிருந்து கூட்டம் வரும். வெளியூர் உறவினர்கள் முந்தைய இரவே வந்து தங்கும் வீட்டில், விடியுமுன் குளியலறை வாசலில் பூசைக்கு முந்திய வரிசை ஒன்று உருவாகும். கீசரைப் போட்டே வைக்கச் சொல்லும் நித்தியவாதம் அதிகமாக ஆட்களை மதம் மாற்றுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

பரபக்கம்

பிறர் மதத்தை முதலில் சொல்லி மறுப்பது சித்தாந்த மரபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். அவருக்கு எதிரே உலகாயதர் முதலானோர் நின்றார்கள். நமக்கு எதிரே நிற்பவர்கள் நால்வர்.

முதலாவது நித்தியவாதம். “ஆறிப்போன தண்ணியத் திரும்பச் சுட வைக்கத்தான் கரன்ட் ஜாஸ்தி இழுக்கும். போட்டபடியே வச்சிருந்தா அது பாட்டுக்கு இருக்கும்” என்பது இவர்களின் மூல வாக்கியம். கீசரின் சிவப்பு விளக்கு பெரும்பாலும் அணைந்திருப்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் கரன்டை நிறுத்திவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் ஒருவரும் குழாயைத் திறக்காத நடுப்பகலில் அதே விளக்கு மறுபடி ஏன் எரிகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

மறுப்பு 1701லேயே வந்துவிட்டது. ஐசக் நியூட்டன் தம் பெயரைப் போடாமல் லத்தீனில் வெளியிட்ட கட்டுரை ஒன்றின்படி, பொருள் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பத்தை இழக்கும். ஓட்டைக் குடத்தில் நீர்மட்டம் உயர உயரக் கசிவும் வேகமெடுக்கும். தளும்பத் தளும்ப வைத்திருப்பவனே அதிகம் இழக்கிறான். ஆறிப்போன தண்ணீர் மேற்கொண்டு இழப்பதற்கு ஒன்றும் வைத்திருப்பதில்லை. திரும்பச் சூடேற்ற ஆகும் செலவு, ஆறும்போது போனதற்குச் சமமே தவிர ஒரு துளியும் கூடாது. இவ்வளவு தெளிவான கருத்துக்கு நியூட்டன் ஏன் பெயர் போடவில்லை? கூட்டுக்குடும்பத்தில் கீசர் பற்றிக் கருத்துச் சொன்னவர்களுக்கு அது புரியும்.

இரண்டாவது மறதிவாதம். இவர்கள் கொள்கையில் அநித்தியவாதிகள், நடப்பில் நித்தியவாதிகள். ஆபீஸ் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தபின் திடீரென்று முகம் வெளுத்து, “கீசர் ஆஃப் பண்ணியா பாரு” என்று வீட்டுக்குப் போன் போடுபவர்கள். எண்ணிக்கையில் இவர்களே பெரும்பான்மை என்பது எம் ஐயம். யாரும் ஒப்புக்கொள்ளாததால் நிறுவ முடியவில்லை.

மூன்றாவது சூரியவாதம். கர்நாடக அரசு 2007இல் சோலார் வாட்டர் ஹீட்டரைக் கட்டாயமாக்கும் ஆணை பிறப்பித்தது. மின்விநியோக நிறுவனமான பெஸ்காமும் யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் அதிகபட்சம் 50 ரூபாய் என்று கழிவு தந்து வந்தது. ஆகவே மொட்டைமாடிகளில் தொட்டிகள் முளைத்தன. கொள்கை பழுதற்றது. ஆனால் தொட்டி மாடியிலும் வாடகைக்காரர் தரைத்தளத்திலும் இருப்பதால், குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணீர் வாளி வாளியாகப் போன பிறகே சூரியன் இறங்கி வருவார். தொடர்ந்து மேகம் மூடிய நாட்களில் அதுவும் இல்லை.

நான்காவது இலவசவாதம். இதுவே வலிமையான எதிரி. 2023இல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட்டுக்குள் இலவசம். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குமான அளவு, 2022-23இன் சராசரிப் பயன்பாட்டோடு பத்து சதவீதம் கூட்டி வைக்கப்பட்டது. விளைவைப் பாருங்கள். அந்த ஆண்டு விடியலில் எழுந்து, போட்டு, அணைத்து, சிக்கனமாக வாழ்ந்தவருக்குக் குறைந்த அளவு. போட்டதை மறந்தவருக்கு, சராசரி 200ஐத் தாண்டாத வரை, பெரிய அளவு. கர்ம வினைக் கோட்பாடு பெங்களூரில் இப்படியும் வேலை செய்திருக்கிறது. ஆயினும் 200ஐத் தாண்டிய மாதத்தில் முழு பில்லும் வந்து நிற்கும். அந்த எல்லையை ஒட்டி வாழும் வீட்டில் கீசரின் சிவப்பு விளக்கு நிஜமாகவே அபாய விளக்குத்தான்.

சுபக்கம்

இனி எம் மதம். 25 லிட்டர் தொட்டி, 2000 வாட். தண்ணீர் 60 பாகையைத் தொட 35 நிமிடம். இந்தச் செலவு நித்தியவாதிக்கும் அநித்தியவாதிக்கும் பொது. வேறுபாடு, சூடான தொட்டி சும்மா நிற்கும்போது கசியும் வெப்பத்தில்தான். கீசரின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் இந்தக் கசிவை அளந்து தருபவையே. வாங்கும்போது எண்ணுகிறோம், வந்தபின் திரும்பிப் பார்ப்பதில்லை. கசிவு நாளொன்றுக்கு முக்கால் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் இருபதுக்குச் சற்று மேல். யூனிட் ஆறு ரூபாய் அளவில், 130 ரூபாய்.

கடைசி ஆள் குளித்து முடிக்கும்போது தொட்டியில் இருப்பது புதிதாக நிரம்பிய பச்சைத் தண்ணீர். அதை அப்படியே விட்டால் நாள் முழுக்க இழப்பு ஏதுமில்லை. நித்தியவாதி அதை உடனே 60 பாகைக்கு ஏற்றி, மறுநாள் விடியும்வரை ஆறவிடாமல் காவல் காக்கிறார். போர்வெல் தண்ணீர் ஆனால் கூடுதல் தண்டனை: சூட்டில் சுண்ணாம்பு படிந்து காயில் கல்லாகிறது.

தடை: தெர்மோஸ்டாட்டை 40 பாகைக்குக் குறைத்துவிட்டு எப்போதும் போட்டு வைத்தால் கசிவும் குறையுமே?

விடை: குறையும். ஆனால் தேங்கிய வெதுவெதுப்பான நீர் லீஜியோனெல்லா கிருமிக்கு உகந்தது. வெந்நீரை 60 பாகையில் வைக்கச் சொல்வது அதனால்தான்.

தடை: குளிப்பதற்கு 35 நிமிடம் முன்னால் சுவிட்சைப் போடுவது யார்?

இந்தத் தடைக்கு நியூட்டனிடம் விடை இல்லை. ஆறரைக்கு முதல் குளியல் என்றால் ஆறு மணிக்கு முன் சுவிட்ச் விழ வேண்டும். விவேக் நகர் வீடுகளில் அது தானாக விழுவதுபோல் தோன்றும். உற்று நோக்கினால், ஒரு கை தெரியும். பெரும்பாலும் அது அந்த வீட்டு அம்மாவின் கை. அவரே போடுகிறார், ஒவ்வொருவராக எழுப்புகிறார், “சூடு போயிரும், சீக்கிரம் வா” என்கிறார், கடைசியில் அணைக்கிறார். மாதம் இருபது யூனிட் மிச்சம் என்று வீட்டில் மற்றவர்கள் பெருமை பேசுவது அவருடைய அரைமணித் தூக்கத்தை விற்ற காசை வைத்துத்தான். நித்தியவாதிக்கு இயற்பியல் தெரியவில்லை. ஆனால் அவர் வீட்டில் யாரும் சீக்கிரம் எழ வேண்டியதில்லை. சிக்கனம் பேசுகிறவர் இந்த ஒரு புள்ளியில் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

“கடைசியாகக் குளிப்பவர் அணைக்க வேண்டும்” என்று ஒரு விதி எல்லா வீட்டிலும் உண்டு. நடுநிலையான விதிபோல் ஒலிக்கும். எல்லோரும் கிளம்பிய பிறகு குளிப்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், விதியை எழுதியவர் யாராக இருக்க முடியாது என்பது விளங்கும்.

முடிபு

எனவே டைமர் வாங்குக. 16 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். விளக்குக்கான சிறிய டைமர் இந்தப் பளுவில் உருகிவிடும். திருகி வைக்கும் வகையானால், கரன்ட் போன நேரத்துக்கு அதன் கடிகாரமும் நின்றுவிடும். முந்திய நாள் ஒரு மணி நேரம் கரன்ட் போயிருந்தால், மறுநாள் எல்லோரும் நடுங்கிக் குளித்து முடித்த பின் அது கடமை தவறாமல் சூடேற்றும். பேட்டரி உள்ளதை வாங்குவது உத்தமம். போட்ட முதலை மாதம் 130 ரூபாய் மெல்ல மெல்லத் திருப்பித் தரும். தூக்கம் முதல் நாளிலிருந்தே லாபம்.

மேலாய்வுக்குரியவை

ஒன்று: குளியலறைக்குள் இருப்பவர் “அஞ்சு நிமிஷம்” என்னும்போது குறிக்கப்படும் கால அளவு. இரண்டு: விருந்தாளி வந்த நாளில் 25 லிட்டர் தொட்டி 10 லிட்டராகச் சுருங்கும் காரணம். மூன்று: வாழ்நாளில் ஒருமுறையும் அந்தச் சுவிட்சை அணைத்திராத ஒருவரே பில் வரும் நாளில் மின்சிக்கனம் பற்றி நீண்ட உரை ஆற்றுவது ஏன்? மூன்றாவதை ஆராய முன்வருவோர் வாடகை வீட்டில், அதுவும் தனியாக, குடியிருப்பது நல்லது.