எய்ட்டி எய்ட்டி ஃபைவ் சார்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையானாலும் சரி, நாமக்கல் பைபாஸ் ஆனாலும் சரி, ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரி வாசலில் இறங்கினால் இவரைப் பார்த்துவிடலாம். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர், கட்டளைக் குறியீடுகள் அடங்கிய, நான்காய் மடித்த ஆப்கோடு ஷீட். ஷீட் பிள்ளைகளுக்கு. அவருக்கு 246 குறியீடும் மனப்பாடம்; சொந்த ஸ்கூட்டரின் நம்பர்தான் மறந்துபோகும்.

இன்டெல் நிறுவனம் 8085 மைக்ரோபிராசசரை வெளியிட்டது 1976-ல். 40 கால்கள், சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள், ஓட 5 வோல்ட் மின்சாரம் போதும். "இதெல்லாம் ரொம்பப் பழசுங்க சார்" என்று எவனாவது முணுமுணுத்தால் சார் நேராகச் செவ்வாய்க்குப் போய்விடுவார். 1997-ல் அங்கே ஊர்ந்த நாசாவின் சோஜர்னர் வண்டிக்கு மூளையாக இருந்தது இதே குடும்பத்து 80சி85 தான். அவ்வளவு தூரம் போய் உழைத்த சில்லு, லேபின் மூன்றாம் மேஜைப் பயிற்சி கிட்டில் மட்டும் ஏன் ஓடமாட்டேன் என்கிறது? "அது கேபிள் லூஸ், கண்ணு."

முதல் நாள் லேபில் ஐந்தையும் நான்கையும் கூட்ட வேண்டும். ஒன்பது பைட் புரோகிராம். நினைவக முகவரி 4100-ல் தொடங்கி ஒவ்வொரு விசையாகத் தட்டி முடிக்கப் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். 3 மெகாஹெர்ட்ஸில் அதை முடிக்க 8085-க்கு 12 மைக்ரோ நொடி. விடை 4150-ல் ஒன்பது என்று வர வேண்டும். பாதி மேஜைகளில் வராது. காரணம் சாருக்கு நடந்து வரும்போதே தெரியும். விடையை 4150-ல் வைக்கச் சொல்லும் கட்டளையை 32 50 41 என்று போட வேண்டியதை 32 41 50 என்று போட்டிருப்பார்கள். விடை 5041-ல் போய் உட்கார்ந்திருக்கும்.

"தபால்ல மொதல்ல கதவு நம்பரா, ஊர்ப் பேரா?"

"கதவு நம்பருங்க சார்."

"அப்ப 50 முன்னாடி, 41 பின்னாடி."

இளம்பிள்ளை, குமாரபாளையம் பக்கத்துத் தறிக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. ஒன்றும் சைபரும் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே தடதடத்துக்கொண்டிருக்கிறது. "அட்டையை மாத்திக் கோத்தா பூவே மாறிப்போயிருமுங்க சார்" என்று ஒரு மாணவி சொன்ன அன்று, சார் கதவு நம்பர் உவமையைக் கொஞ்ச காலம் ஓரங்கட்டி வைத்திருந்தார்.

கிட்டை ஆன் செய்வதற்கு முன்பே ரெக்கார்டு நோட்டில் 'புரோகிராம் இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிவிடும் கூட்டத்தையும் அவர் அறிவார். கண்டுகொள்ள மாட்டார். தானும் அப்படி எழுதியவர்தானே!

ராம் நினைவகம் மின்சாரம் போனால் அழிந்துவிடும் என்பதை அவர் போர்டில் எழுதி நடத்தியதைவிட, 2012 மின்வெட்டு நன்றாக நடத்தியது. கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமிப் பிடிக்கும் அந்த அரை நிமிடத்தில் அத்தனை மேஜையிலும் புரோகிராம் காலி. அன்று கிளம்பிய "அய்யோ"தான் அந்தப் பாடத்துக்கு அவர் கண்ட சிறந்த விடைத்தாள்.

செமஸ்டர் கடைசியில் ஸ்டெப்பர் மோட்டார். சுழல வேண்டியது நின்ற இடத்திலேயே நடுங்கும். சுருள்களுக்கு மின்சாரம் போகும் வரிசை மாறிவிட்டது. 9, 5, 6, 10 என்று வர வேண்டும். சார் குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டை வாங்குகிறார். ஓடும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்டுகளில் டிராப்பை மட்டும் யாராலும் தடுத்து வைக்க முடியாது என்று அன்று காலைதான் நடத்தியிருந்தார். மணி நாலரை. வெளியே காலேஜ் பஸ் ஹாரன் அடித்தது.

"டிராப் வந்துருச்சுங்க சார்!" பெஞ்சுகள் நகர்ந்தன. கூட்டம் வாசலை அடைத்தபோது மோட்டார் சுற்றத் தொடங்கியது. பார்க்க அவர் ஒருவர்தான் இருந்தார்.