தலை ஓரிடம், உடல் ஓரிடம்

(கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் கார் கொட்டகை. எஞ்சினைக் கழற்றிய 1993 ஹோண்டா சிவிக் ஒன்று நிற்கிறது. தரையில் இரண்டு உருப்படிகள்: அக்யூரா இன்டெக்ரா எல்.எஸ். காரின் பி18பி பிளாக். ஜப்பானிலிருந்து வந்திறங்கிய பி16ஏ சிலிண்டர் ஹெட். இரண்டையும் சேர்த்துப் பூட்டி ஒரே எஞ்சினாக்குவது வீட்டுப் பையனின் திட்டம். அந்த ஊரில் இதற்கு எல்.எஸ்.-விடெக் என்று பெயர். கையில் காசில்லாதவர்களின் ரேஸ் எஞ்சின்.)

ஹெட்: ஓய், சற்றுத் தள்ளிப் படும். உம்முடைய கரி என்மேல் ஒட்டுகிறது.

பிளாக்: தள்ளிப் படுத்தா மட்டும் விட்டுருவாங்களா ஐயா? நாளைக்கு நீங்க என் மேலதான் ஏறி உக்காரணும்.

ஹெட்: அதுதான் என் துக்கம். நான் யாரென்று தெரியுமா? 1989-ல் ஜப்பான் இன்டெக்ராவில் விடெக் அரங்கேறியதே, அந்த வம்சம். 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன். லிட்டருக்கு நூறு, டர்போ இல்லாமல்!

பிளாக்: எனக்கு 1.8 லிட்டர், 142 குதிரைங்க. காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கிட்டிருந்தேன். யாரும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்ததில்ல.

ஹெட்: விடெக் என்றால் சும்மாவா? ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் எனக்கு மூன்று கேம் மேடு, ஓய். ஐயாயிரத்துச் சொச்சம் சுற்று வரை ஓரத்து இரண்டும் உழைக்கும். அதற்குமேல் எண்ணெய் அழுத்தம் உள்ளிருக்கும் பின்னைத் தள்ளி ராக்கர்களைப் பூட்டிவிடும். பிறகு நடு மேட்டின் ராஜாங்கம்தான்!

பிளாக்: ராஜாங்கம் இருக்கட்டும். அந்த எண்ணெய் யார் கொடுப்பா?

ஹெட்: நீர்தான்.

பிளாக்: என்கிட்ட அதுக்கு வழியே இல்லையே! வார்க்கும்போதே அந்தத் துளையை வைக்கல. ஆயில் ஃபில்டருக்கும் எனக்கும் நடுவுல ஒரு தட்டைச் செருகி, அதுலேர்ந்து வெளிப்பக்கமா ஹோஸ் இழுத்து, உங்க விலாவுல மாட்டப் போறான் பையன்.

ஹெட்: குளுக்கோஸ் ஏற்றுவது போலவா?

பிளாக்: அதேதான். படுக்காம ஓடணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹெட்: பொருத்தம் பார்த்துத்தானே வாங்கினான்?

பிளாக்: பாத்தான். பி16 சிலிண்டர் விட்டம் 81 மி.மீ., எனக்கும் 81. போல்ட் துளைங்களும் நேருக்கு நேர். அதோட விசாரணையை முடிச்சுட்டான். நம்மள நகராம உக்கார வைக்கிற டவல் பின்னோட அளவு வேறங்கறது, உங்களை வாங்கினப்புறம்தான் தெரிஞ்சுது.

ஹெட்: போகட்டும். எட்டாயிரம் சுற்று வரை நான் பாடுவேன். நீர் தாளம் போட்டால் போதும்.

பிளாக்: அங்கதாங்க இடிக்குது. பி16-ல பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் 77.4 மி.மீ., எனக்கு 89. எட்டாயிரத்துல உங்க பழைய வீட்டுப் பிஸ்டன் நொடிக்குச் சராசரி 20.6 மீட்டர் ஓடும். எனக்குக் கம்பெனி போட்ட சிவப்புக்கோடு 6,800. அதுலயே 20.2 ஓடிட்டுத்தான் இருந்தேன். நான் ஒண்ணும் சோம்பேறி இல்ல. என்னையும் எட்டாயிரத்துக்கு இழுத்தா 23.7. என் ராட் போல்ட்டுங்க பள்ளிக்கூடத்துக்குப் போய்வரச் செஞ்சது.

ஹெட்: உறுதியான போல்ட் வாங்கச் சொல்வதுதானே?

பிளாக்: பட்டியல்ல இருந்துச்சு, அடிச்சுட்டான். அந்தக் காசுக்கு ஸ்டீரிங் வந்திருக்கு. சிவப்பு நூல் தையல்.

ஹெட்: இன்டெக்ராவிலேயே ஜி.எஸ்.ஆர். என்று ஒருவன் உண்டே?

பிளாக்: எங்க அண்ணன்தாங்க. 1.8 லிட்டர், விடெக், 170 குதிரை. கம்பெனியே செஞ்ச ஜோடி. பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் என்னைவிட 2 மி.மீ. கூடக் குறைவில்ல, ஆனா மெயின் பேரிங் மூடிகளைச் சேத்துப் பிடிக்க ஒரு பாலம் இருக்கு, பிஸ்டன் அடியில எண்ணெய் பீச்சுற குழாய் இருக்கு. எனக்கு ரெண்டும் இல்ல.

ஹெட்: பிறகு அவனையே முழுசாக வாங்கியிருக்கலாமே!

பிளாக்: விலை ஜாஸ்தின்னான். அப்புறம் என்னை வாங்கினான், உங்களை வாங்கினான். ஹோஸ், காஸ்கெட், டைமிங் பெல்ட், லேத் கூலி, சிப் மாத்தின பி28 கம்ப்யூட்டர்... நேத்து ராத்திரி கூட்டிப் பாத்தான்.

ஹெட்: எவ்வளவு?

பிளாக்: கூட்டி முடிக்கறதுக்கு முந்தியே தாளைக் கிழிச்சுட்டான்.

ஹெட்: இந்த மாநிலத்தில் புகைச் சோதனை கடுமை என்கிறார்களே?

பிளாக்: எஞ்சின் மாத்தினா புகைச் சோதனை ரெஃப்ரி முன்னால கொண்டுபோய் நிறுத்தணும். எந்த வருஷம், எந்தக் காரோட எஞ்சின்னு கேப்பாரு. கீழே ஒரு கார், மேலே ஒரு கார்னு சொன்னா சான்றிதழ் ஏது?

ஹெட்: பையன் என்ன பதில் வைத்திருக்கிறான்?

பிளாக்: ராத்திரியில மட்டும் ஓட்டுறதா யோசனை.

ஹெட்: எனக்கு உதறுகிறது, ஓய்.

பிளாக்: உங்களுக்கு எதுக்கு? ராட் பிச்சுக்கிட்டா என் வயித்தைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வெளியே வரும். நான் பழைய இரும்புக்கடைக்கு. நீங்க தப்பிச்சா, இன்னொரு எல்.எஸ். பிளாக்கைத் தேடிக் கட்டிவெப்பான். உங்க சாதிக்கு மவுசு அப்படி.

ஹெட்: அதுவும் சரிதான். எப்படியும் எனக்கொன்றும்... அதோ வருகிறான். கையில் என்ன அது?

பிளாக்: டிரில்லு. மரை போடுற டேப்பும் இருக்கு. பழைய எண்ணெய்த் துளையை அடைச்சு, புதுசா ஹோஸுக்கு ஒண்ணு போடணுமாம்.

ஹெட்: பாவம் நீர். பல்லைக் கடித்துக்கொள்ளும்.

பிளாக்: எனக்கில்லைங்க ஐயா.