டக் டக் புராணம்

என் காருக்கு வயது 26. போன மாதம் திடீரென்று 'டக் டக்' என்று பேச ஆரம்பித்தது. டாக்டரைக் கண்டதும் ஓடிவிடும் பல்வலி மாதிரி, ஷெட் வாசலில் மட்டும் கப்சிப்.

முதல் மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே "டாப்பெட் சார்" என்றார். அடுத்தவர் டைமிங் செயின் என்றார். மூன்றாமவர் வாட்டர் பம்ப் பேரிங் என்று சொல்லி மாற்றியும் விட்டார். சத்தம் புது பேரிங்கோடு சேர்ந்து பாடியது. (அவரவர் கடையில் எந்த உதிரிபாகம் இருக்கிறதோ, அதுதான் அவரவர் காதில் விழும்போல.)

கடைசியாக ஒரு பெரியவர். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டார். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் ஓட்டினார், சத்தம் நிற்கவில்லை. ஆக, பம்ப், ஆல்டர்னேட்டர் இரண்டும் நிரபராதி. பிறகு குனிந்து சைலன்சர் குழாய்க்கு மேலிருந்த தகரத்தை விரலால் தட்டினார். டக்.

போல்ட் துருப்பிடித்து விழுந்திருந்தது. கிளிப் போட்டு இறுக்கினார். கூலி ஐம்பது ரூபாய்.

பழைய பில்கள் டேஷ்போர்டுக்குள் இருக்கின்றன. இப்போது சலசலப்பது அவைதான்.