நாக்கும் தெர்மாமீட்டரும்

கேள்வி: என் மகளிடம் கல்லூரி ஆய்வகத்தில் பெயர் சொல்லாமல் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, உருகுநிலையை வைத்துக் கண்டுபிடி என்கிறார்களாம். நாக்கில் வைத்துப் பார்த்தால் ஆகாதா? – ஒரு மாணவியின் அப்பா, கல்லாறு, திருவனந்தபுரம்

பதில்: உப்பு, சர்க்கரை என்றால் ஆகும். மூன்றாவதாக ஏதாவது இருந்தால், விடை எழுத நாக்குக்குச் சொந்தக்காரர் இருக்க வேண்டுமே!

பொன்முடிக் குளிர் இறங்கும் மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். அது உருகுவது ஏறக்குறைய 24 டிகிரியில். பல கொழுப்புகள் சேர்ந்த கூட்டம் என்பதால் மெல்ல மெல்ல இளகும். சுத்தமான பொருளோ ஒன்றிரண்டு டிகிரிக்குள் மொத்தமாக உருகிவிடும். நாஃப்தலீன் 80, பென்சாயிக் அமிலம் 122. பொடியை நுண்குழாயில் அடைத்து, நிதானமாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் தெர்மாமீட்டர் தப்பான எண்ணைத்தான் காட்டும்.

வில்லங்கம் எங்கே என்றால், யூரியாவும் சின்னமிக் அமிலமும் உருகுவது கிட்டத்தட்ட ஒரே 133 டிகிரியில்! அதற்கும் வழி உண்டு. சந்தேகப் பொடியோடு அசல் யூரியாவைக் கலந்து உருக்குவார்கள். 133 அப்படியே நின்றால் அது யூரியா. வெகு முன்பே இளகினால் வேறு ஆள். கலப்படம் செய்து உண்மையைக் கண்டுபிடிக்கிற ஒரே இடம் ஆய்வகம்தான் போலிருக்கிறது.

மகள் பரிசோதிக்க வீட்டு உப்பை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். அது உருக 801 டிகிரி வேண்டும். சாதாரணக் கண்ணாடிக் குழாய் அதற்குள் வளைந்துவிடும்.