சிப்பாயின் பதவி உயர்வு: சமனற்ற சதுரங்கங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

சதுரங்கப் பலகையில் சிப்பாய் எனப்படும் காய் எதிரியின் கடைசி வரிசையை அடைந்தவுடன் ராணியாகவோ, யானையாகவோ, மந்திரியாகவோ, குதிரையாகவோ மாறுவதைப் பதவி உயர்வு என்பர். புணர்ச்சி இலக்கணம் தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று கூறுவதால், வெட்டுண்டு வெளியேறும் சிப்பாயைக் கெடுதலுக்கும், உயர்வு பெறும் சிப்பாயைத் திரிதலுக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆனால் திரிபுக்கு உள்ளாகும் சிப்பாய் ராணியானால் பால்வழுவும், யானையோ குதிரையோ ஆனால் திணைவழுவும் நேர்கின்றன. மந்திரியாவது ஒன்றே வழுவற்ற உயர்வாக இருந்தும் ஆட்டக்காரர் அதைத் தேடிப்போவதில்லை என்பதிலிருந்து, அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் இலக்கணத்துக்கு உள்ள செல்வாக்கு விளங்கும்.

இவ்வழுவைப் பழைய ஆட்டங்கள் அஞ்சியே நடத்தின. பாரசீக, அரபு நாடுகளில் வழங்கிய சத்ரஞ்சில் சிப்பாய் மந்திரியாக மட்டுமே ஆகலாம். அந்த ஆட்டத்து மந்திரியோ மூலைவாட்டில் ஒரு கட்டத்துக்கு மேல் நகர இயலாதவர். பலகை முழுவதையும் நடந்து கடந்தவருக்குக் கிடைத்தது இவ்வளவே. இந்தியாவில் வழங்கிய மரபு ஒன்று, சிப்பாய் எந்தக் காய்க்குரிய கட்டத்தில் போய்ச் சேர்ந்ததோ அந்தக் காயாகவே ஆகவேண்டும் என்றது.

இருபுறமும் ஒத்த படை நிற்கும் பொதுச் சதுரங்கத்தில் பதவி உயர்வு விதி இருவருக்கும் ஒன்றுபோல் பயன்படுவதால் அதன் உட்கருத்து புலப்படுவதில்லை. படைகள் ஒவ்வாதபோதுதான் அது வெளிப்படும் என்பதால், இவ்வாய்வு சமனற்ற ஆட்டங்கள் இரண்டை எடுத்துக்கொள்கிறது.

முதலாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் ஆடப்பட்ட ‘மகாராஜாவும் சிப்பாய்களும்’. இதில் கறுப்பர் தரப்பில் வழக்கமான பதினாறு காய்களும் நிற்க, வெள்ளையர் தரப்பில் மகாராஜா என்னும் ஒரே ஒரு காய் நிற்கும். அது ராணியைப்போலவும் நகரும், குதிரையைப்போலவும் தாவும். வெறும் பலகையின் நடுவே நிற்கும் மகாராஜா ராணியின் நடையால் 27, குதிரையின் நடையால் 8, ஆக 35 கட்டங்களை ஆள்வார். மூலைக்கு ஒதுங்கினால் அவரது ஆட்சி 23 கட்டங்களாகச் சுருங்கிவிடும். சாதாரண ராஜாவை மடக்க அவர் நிற்கும் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டையும் அடைத்தால் போதும். மகாராஜாவை மடக்கக் கறுப்பர் அவர் ஆளும் கட்டங்கள் அத்தனையையும் அடைக்க வேண்டும்.

மகாராஜாவுக்கோ துணையே தேவையில்லை. எதிரி ராஜா பலகையின் ஓரத்தில் தனித்து நிற்க, மகாராஜா அவருக்கு நேரே ஒரு கட்டம் இடைவிட்டு நின்றால், முன்னுள்ள மூன்று கட்டங்களை ராணியின் நடையும், பக்கத்திலுள்ள இரண்டையும் குதிரையின் நடையும் அடைத்துவிட, செக்மேட் ஆகிவிடும். வழக்கமான சதுரங்கக் காய் எதுவும் துணையில்லாமல் இதைச் செய்துவிட முடியாது.

இவ்வாட்டத்தின் வழக்கமான விதிப்படி சிப்பாய்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. கடைசி வரிசையை அடைந்தவர் சிப்பாயாகவே நிற்பார். இலக்கணத்தார் இதை இயல்புப் புணர்ச்சி என்று கூறி அமைவர். உண்மையில் அவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஏழாம் படியில் நின்றவரை எட்டாம் படியில் இரண்டு கட்டங்களைக் காவல் காத்தவர் (ஓர வரிசையாயின் ஒன்று), எட்டை அடைந்ததும் அவர் வெட்டக்கூடிய கட்டங்கள் பலகைக்கு வெளியே போய்விடுவதால் எதையும் காக்க மாட்டாதவராய், தன் படையின் வழியையே மறித்துக்கொண்டு நிற்பார். ஆகவே இறுதிக்கட்டத்தில் தேர்ந்த ஆட்டக்காரர் சிப்பாயை ஏழாம் படியிலேயே நிறுத்திவைப்பது நலம். பதவி உயர்வு இல்லாத இடத்தில் கடைசிக்கு முந்தைய படியே உச்சப் பதவி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இந்தியச் சிப்பாய் சுபேதார் நிலைவரை உயரலாம் என்பதும், அவருக்கும் மேலே நேற்று வந்த இளைய ஆங்கில அதிகாரி நிற்பார் என்பதும் வரலாறு. ஆட்ட விதி அங்கிருந்து பிறந்தது என்று நிறுவச் சான்றில்லை. ஆயினும் இதைக்கொண்டு முனைவர் பட்டம் பெறத் தடையும் இல்லை. இத்தனைக்கும், எந்தக் காயையும் காவலின்றி விடாமல் கறுப்பர் பிழையற ஆடினால் பதவி உயர்வு இல்லாமலே வெல்வர் என்பது தெளிந்த முடிவு. காவலுள்ள காயை வெட்டும் மகாராஜா அடுத்த நகர்விலேயே வெட்டுண்பார் என்பதால், அத்தனை ஆற்றலும் பயனற்றுப்போகிறது.

இரண்டாவது, அயர்லாந்து எழுத்தாளர் டன்சனி பிரபு 1942-இல் அமைத்த ஆட்டம். இவர் சதுரங்க வீரர் கபபிளாங்கா ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய ஆட்டத்தில் அவரோடு சமன் செய்தவர். ஒரு தரப்பில் வழக்கமான படையும், மறுதரப்பில் 32 சிப்பாய்களும் நிற்கும் இவ்வாட்டத்தில் சிப்பாய்த் தரப்புக்கு ராஜா இல்லை. எல்லாரும் வெட்டுண்டாலன்றி அவர்கள் தோற்பதில்லை. இன்று இணையத்தில் ஆடப்படும் ‘ஹோர்டு’ இதன் வழிவந்தது. அதில் சிப்பாய்கள் 36 பேர். ராஜா இல்லாத இவர்களுக்குப் பதவி உயர்வு தங்குதடையின்றி உண்டு. மகாராஜா நிற்கும் பலகையில் மறுக்கப்பட்டது, மன்னனே இல்லாத பலகையில் வழங்கப்படுகிறது என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

ஆனால் உயர்வு மட்டும் வெற்றி தராது. எதிரி ராஜா தனித்து நிற்க, இத்தரப்பில் ராணி ஒருவரே எஞ்சினால் செக்மேட் நிகழாது: அருகே சென்று செக் சொன்னால் ராஜா ராணியை வெட்டிவிடுவார், தொலைவில் நின்று சொன்னால் ஒதுங்கிவிடுவார். ராணி மிகையாக நெருக்கினாலோ செக் இல்லாமலே ராஜாவுக்கு நகர இடமற்றுப்போய், ஸ்டேல்மேட் எனப்படும் அந்நிலையில் ஆட்டம் சமனாகும். பொது ஆட்டத்தில் ராணிக்குத் துணைநிற்கும் சொந்த ராஜா இங்கே இல்லாததால் அவ்விடத்தை இன்னொருவர் நிரப்ப வேண்டும். உயர்வு பெறாத சிப்பாய் ஒருவரே அதற்குப் போதும். அவர் மூலைவாட்டில் பின்னின்று காவல் காக்க, ராணி ஓரத்து ராஜாவின் முகத்துக்கு நேரே போய் நின்று ஆட்டத்தை முடிப்பார். எதிரி ராஜா மூலையில் தன் யானையாலும் இரு சிப்பாய்களாலும் அடைபட்டு மூச்சுத்திணறும் நிலையிலோ, தனிக் குதிரையே செக்மேட் செய்துவிடும் என்பதால், அங்கே திணைவழு வழுவமைதியாகிறது.

இனி எண் கணக்கு. டன்சனியின் ஆட்டத்தில் சிப்பாய்கள் ஒரு நகர்வில் ஒரு படிக்கு மேல் ஏறக்கூடாது. நான்காம் வரிசையினருக்கு நான்கு, மூன்றாமவருக்கு ஐந்து, இரண்டாமவருக்கு ஆறு, முதல் வரிசையினருக்கு ஏழு என, வரிசைக்கு எட்டுப் பேராக 32 பேரும் உயர்வு பெற 176 சிப்பாய் நகர்வுகள் வேண்டும். உயர்வு பெற்றோர் பின்வருவோருக்கு இடம்விட்டு ஒதுங்கும் நகர்வுகள் இதில் சேரா. ஆட்டத் தொடக்கத்தில் முன்வரிசை எட்டுப் பேரே நகர முடியும் என்பதால், எஞ்சிய 24 பேரும் முன்னவர் முதுகைப் பார்த்தபடி வரிசையில் நிற்பர். தனித்த ராஜாவை மடக்க இரண்டு ராணிகளே போதும் என்பதால், எதிரியின் படை ஒழிந்து இரண்டாம் ராணியும் வந்த சிறிது நேரத்தில் பலகை மடிக்கப்படும். மற்றவர்களின் பதவி உயர்வுக் கோப்புகள் நிலுவையிலேயே கிடக்கும்.