நின்று தின்னும் நியாயவான்

மெக்சிகோ நகரத்தில் நேர்மையான ஆளைப் பார்க்க நீதிமன்றம் வரை போக வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு நடைபாதை டாக்கோ கடைக்குப் போனால் போதும். அங்கே வரிசை கிடையாது, டோக்கன் கிடையாது, நாற்காலியும் அநேகமாக இருக்காது. நம் நாயகர் கூட்டத்துக்குள் ஒரு தோளை நுழைப்பார். இன்னொரு தோள் தானாக வந்து சேரும். டையைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு, ‘பாஸ்தோர் மூன்று, எல்லாம் போட்டு’ என்பார். ‘எல்லாம்’ என்றால் வெங்காயமும் கொத்தமல்லியும். ‘பாஸ்தோர்’ என்றால் லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மாதான்; அது அங்கே பன்றி இறைச்சியாக மதம் மாறிச் செங்குத்துக் கம்பியில் சுழல்கிறது. கடைக்காரர் அதைச் சோள ரொட்டியில் சீவிப் போட்டு, உச்சியில் செருகிய அன்னாசியில் ஒரு சில்லைப் பறக்கவிட்டு டாக்கோவிலேயே பிடிப்பார். பிளாஸ்டிக் பை மாட்டிய தட்டு கைக்கு வந்ததும் நாயகர் கால்களை அகட்டி, தொந்தியை எக்கி, கழுத்தைக் கொக்காக நீட்டுவார். டாக்கோவைச் சாய்த்தால் கொட்டிவிடும் என்பதால் தலையைத்தான் சாய்ப்பார். சல்சா என்ற சட்னி காரமா என்று அவரைக் கேட்டால் ‘அதெல்லாம் இல்லை’ என்று பதில் வரும். காது சிவந்த பிறகும் அவர் அந்தப் பதிலை மாற்றமாட்டார். மிளகாய் பிறந்த மண்ணாயிற்றே! போர்த்துகீசியர் கொண்டுவரும்வரை மிளகை வைத்தே ஒப்பேற்றிய நாம் இதில் வாய் திறக்கக் கூடாது.

நேர்மை வெளிப்படுவது கடைசியில். பல கடைகளில் முதலில் சாப்பாடு, பிறகுதான் காசு. ‘எத்தனை?’ என்று கடைக்காரர் கேட்பார். சாட்சியம் மொத்தமும் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆனாலும் நாயகர் விரல்விட்டு எண்ணி, ‘ஏழு, ஒரு குளிர்பானம்’ என்று வாக்குமூலம் கொடுப்பார். கடைக்காரருக்கு ஞாபகசக்தி அதிகம், அந்தப் பயம்தான் என்று சிலர் சொல்லலாம். இருபது வாய்களுக்கு ஒரே கத்தியால் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் யாருடைய ஏழாவதை எண்ணுவார்? நாளைக்கும் வர வேண்டுமே, அந்தச் சுயநலம்தான் என்பார்கள் இன்னும் சிலர். இருக்கட்டும். நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற நினைப்பைத்தானே பெரியவர்கள் ஒழுக்கம் என்றார்கள்? நின்றுகொண்டு தின்பது கௌரவக் குறைவு என்பவர்களுக்கு ஒரு தகவல்: சான் ரஃபேல் பேட்டையில் 1968 முதல் நடக்கும் ‘எல் கலிஃபா தே லியோன்’ என்ற குட்டி டாக்கோ கடைக்கு 2024-இல் மிஷெலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரமே கிடைத்தது, அப்போதும் அங்கே வாடிக்கையாளர்கள் நின்றுதான் தின்றார்கள்.

ஆகவே, நம்பிக் கேட்டால் மனிதன் உண்மை சொல்வான் என்பதே என் கட்சி. இதே மனிதர் வீட்டுக்குப் போய் ‘இரண்டே இரண்டுதான் சாப்பிட்டேன்’ என்கிறாரே என்று மடக்காதீர்கள். அங்கே கேட்பது நம்பிக்கை இல்லை, விசாரணை. கடையில் சொன்ன கணக்கே சரியான கணக்கு.